கீழ்க்கூடத்துப் பியானோ

ஆகஸ்ட் 16, 2022

நேற்று மாலை ஆலயக் குழுக் கூட்டம். ஏழு பேரும் வந்திருந்தோம். கூரை ஒழுக்கு, வாசலில் பெயர்ந்த தார், வடக்குச் சன்னல், குளிர்காலக் கம்பளிகள். ஐந்தாவதாகப் பியானோ.

கீழ்க்கூடத்துப் பழைய பியானோவுக்கு ஆள் வரவழைத்துச் சுருதி சேர்க்க வேண்டும் என்றார் வேர்ன் ஸ்காக். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளால் அதோடு சேர்ந்து பாட முடியவில்லையாம். டிரம்பெட் வாசிக்கும் சகோதரிகள் இருவரும் முகத்தைச் சுளிக்கிறார்களாம். பாஸ்டர் மார்னி வாக்குக்கு விட்டார். கைகள் உயர்ந்தன. செப்டம்பர் 27 என்று நாளும் குறித்தாயிற்று.

நான் கை தூக்கவில்லை. எதிராகவும் தூக்கவில்லை. செயலர் என்ற முறையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியது: "ஏகமனதாக."

ஆகஸ்ட் 17

"ஏகமனதாக" பொய். அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19

குழுவிடம் என்றாவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். வாய் வராது. ஆகவே இங்கே முறைப்படி எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்று. 1991 பிப்ரவரியில் கல்வர்ட் என்ற குழு, நம் ஊர் ஆல்டர் ஸ்லூவின் பையன்கள் நால்வர், நம் கீழ்க்கூடத்தில் நான்கு நாளில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். பெயர் பிளாங்க் ரோடு. கிரஞ்ச் என்று அந்த வகை இசைக்குப் பெயர். நால்வரில் இருவர் என் வேதியியல் வகுப்பில் கடைசி வரிசை. முகம் நினைவில்லை.

இரண்டு. சுருதி பார்க்கும் கருவி அவர்களிடம் இல்லை. பியானோவைத் தட்டித் தட்டி, அதற்குக் கிதார்களை இறக்கிக்கொண்டார்கள். ஆல்பத்தின் அட்டைக்குள் அதை ஒரே வரியில் எழுதியும் வைத்தார்கள்.

மூன்று. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை நாற்பது பேர் வருகிறார்கள். வரிசையில் நின்று, பியானோவுக்குத் தங்கள் கிதாரைச் சேர்த்து, உடனே பெட்டியில் வைத்து மூடுகிறார்கள். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆல்பம் முழுவதையும் கேட்கிறார்கள். யாரும் பேசுவதில்லை. இங்கே யாரும் வாசிப்பதும் இல்லை. அது பிறந்த இடத்தில் வாசிப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. வாசிப்பது வீட்டுக்குப் போய்த்தான்.

நான்கு. கூடத்துச் சாவி என்னிடம். 2005-இல் பியானோவின் மேல் அட்டை எழுதி மாட்டியதும் நானே. "சுருதி சேர்க்கக் கூடாது. 1991 முதல் யாரும் தொடவில்லை."

ஐந்து. 27-ஆம் தேதி தொட்டுவிட்டால் அந்தச் சுருதி போனது போனதுதான்.

இதைச் சொல்ல அன்று எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஏன் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 20

டெனிஸ் குவின்டானாவைத் தொலைபேசியில் பிடித்தேன். அக்டோபர்க் கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். டகோமாவில் வீடு, சவுண்ட் என்கிற கடற்கழியில் ஓடும் பயணிகள் கப்பலில் எஞ்சின் வேலை. விஷயத்தைச் சொன்னதும் பின்னால் ஏதோ சுத்தியல் சத்தம் நின்றது.

"எல்டன், அதத் தொட விட்டுடாதீங்க. உங்கள நம்பித்தான் நாங்க நாப்பது பேரு இருக்கோம்."

விட மாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. எழுபத்தெட்டு வயதில் முதன்முறையாக ஒருவருக்கு இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 22

சான்று இல்லாமல் குழுவின் முன் நிற்க முடியாது. முதலில் ஆல்பத்தைக் கேட்க வேண்டும்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது: இதுவரை நான் அதை முழுதாகக் கேட்டதில்லை. பதினேழு அக்டோபர்களும் கதவைத் திறந்துவிட்டு மேலே போய்க் காபி போட்டிருக்கிறேன். தரை அதிரும். கால் வழியாகக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். டெனிஸ் கொடுத்த குறுந்தகட்டின் உறைகூடப் பிரிக்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்தேன். ஒன்பது பாட்டு, நாற்பத்தோரு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினேன். இப்போது பார்க்கிறேன், ஒன்பதிலும் "சத்தம்" என்றுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 23

மறுபடி பத்து மணி. ஏழு இடத்தில் "சத்தம்".

ஆகஸ்ட் 25

நான்காம் முறை. மூன்றாவது பாட்டில் பாடகன் உரக்கக் கத்தப்போகும் இடத்துக்கு முன் மூச்சு இழுக்கிறான். அந்த மூச்சை யாரும் வெட்டி எடுக்கவில்லை. கத்தலைவிட அந்த மூச்சுக்குத்தான் நான் இப்போது காத்திருக்கிறேன்.

கிதார்க் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன. பாரம் இழுக்கும் வடம்போல, அடித்தவுடன் கொஞ்சம் மேலே போய், பிறகு தன் இடத்துக்கு இறங்கி உட்கார்கிறது சுரம். இத்தனை நாள் இதைப் பிசகு என்று நினைத்தேன். பிசகு ஒரே அளவில் நூறு முறை வருமா?

என் மனைவி வில்மா வந்து ஒரு பக்கத்து ஹெட்ஃபோனைத் தூக்கினாள். "என்ன, இனிமே முடி வளக்கப் போறியா?" வளர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்றேன். "அப்ப கிழிஞ்ச சட்டையாவது போட்டுக்கோ" என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29

ஒன்பதாவது பாட்டின் முடிவில் எல்லாம் ஓய்ந்த பிறகு பியானோ வருகிறது. நம் பியானோதான். ஒரே கட்டை, நடுவுக்குக் கீழுள்ள ஏ சுரம். பதினோரு முறை. வாசிக்கத் தெரியாதவன் ஒரு விரலால் அடிக்கிற அடி. ஒவ்வொன்றும் முழுதாக அடங்கிய பிறகே அடுத்தது. ஏழாவதுக்குப் பிறகு இனி வராது என்று தோன்றுகிறது. வருகிறது. அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். பாக்கின் ஆர்கன் இசை வாசித்து வளர்ந்தவன் நான்.

அந்தச் சுரம் காதில் இருக்கும்போதே ஆலயத்துக்கு நடந்துபோய் அதே கட்டையை அடித்தேன்.

அது அதுவாக இல்லை.

ஆகஸ்ட் 30

என் காது கிழக்காது. மறுபடி பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 3

ஐந்து நாள், நாளுக்கு மூன்று முறை, இசைக்கவை வைத்தும் கைபேசியில் உள்ள அளவுகோல் வைத்தும் அளந்தாயிற்று. ஓர் அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால், ஆல்பத்தில் பியானோ சரியான ஏ-க்கு இருபத்தொன்பது பங்கு கீழே. கீழ்க்கூடத்தில் இன்று ஐம்பத்துநான்கு பங்கு கீழே. இடைவெளி விட்டுக் கேட்டால் தெரியாது. அடுத்தடுத்து வைத்தால் யாருக்கும் தெரியும்.

காரணம் தேட வேண்டியதே இல்லை. பழைய எண்ணெய் அடுப்புக்குப் பதில் வெப்பக்காற்று வந்தது. 2007 டிசம்பர்ப் புயலில் கீழ்க்கூடத்தில் முழங்கால் தண்ணீர். பிறகு ஆறு மாதம் ஈரம் உலர்த்தும் இயந்திரம் ஓடியது. மரம் விரியும், சுருங்கும், கம்பி தளரும். இதை முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

தொடாமல் வைத்தால் அப்படியே இருக்கும் என்று நினைத்தேனே. மரம்டா அது. மூச்சு விடுற மரம். அட்டை மாட்டினா நிக்குமா?

செப்டம்பர் 4

ஆராதனையில் ஆர்கன் வாசித்தேன். இரண்டு தவறு.

செப்டம்பர் 5

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. "முப்பது வருடச் சுருதியைக் காப்பாற்றுங்கள்" என்று குழுவிடம் கெஞ்சி ஒருவேளை வெல்லலாம். அக்டோபரில் நாற்பது பேரும் வந்து தவறான சுருதிக்குச் சேர்த்துக்கொண்டு மகிழ்ச்சியாகப் போவார்கள்.

உண்மையைச் சொன்னால், தொடக்கூடாது என்பதற்கு என்னிடம் காரணமே இல்லை.

முடிவு: சொல்வேன். முதலில் டெனிஸிடம்.

செப்டம்பர் 6

சொன்னேன். டெனிஸ் கேட்டார், எத்தனை நாளாக இப்படி. சரியாகத் தெரியாது, 2007-க்குப் பிறகு நிச்சயமாக என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார், நல்ல சிரிப்பில்லை. வீட்டில் ஆல்பத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒட்டாதாம். இசைத்தட்டுப் பெட்டியின் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று மூன்று முறை மாற்றினாராம். இன்னொருவர் மலைக்கணவாய்க் குளிரில் கம்பி இறங்கிவிட்டது என்று கிதாரைப் போர்வையில் சுற்றி வண்டியில் கொண்டுபோவாராம். ஒவ்வொருவரும் தன் கருவியைச் சந்தேகித்தார்கள். பியானோவை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

அது என் அட்டையால்.

பியானோவை ஆல்பத்தின் சுருதிக்கே சேர்த்துவிடலாம் என்று சொன்னேன். இருபத்தொன்பது கீழே, சரியாக. சொல்லி முடிக்கவிடவில்லை.

"அப்ப அது வெறும் பியானோ எல்டன். யாரோ வந்து திருகிவச்ச பியானோ. இத ஏன் நோண்டினீங்க? நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு."

வைத்துவிட்டார்.

செப்டம்பர் 7

குழுவுக்கு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான உலகச் சுருதி வேண்டும். அக்டோபரில் வருகிறவர்களுக்கு யாரும் தொடாத பியானோ வேண்டும். ஆல்பத்தின் சுருதி வேண்டும் என்று கேட்பது நான் ஒருவன். நான் யார்? இரண்டு வாரம் முன்பு வரை உறை பிரிக்காதவன்.

இருந்தும் என் கணக்கு தப்பில்லை. இன்று காலை பதினோரு அடியையும் மறுபடி தனித்தனியாக அளந்தேன்.

செப்டம்பர் 9

சுருதி சேர்க்க வரப்போகிற லூயெல்லா பிக்கெட்டோடு பேசினேன். ஒலிம்பியாக்காரர். நாற்பது வருடத் தொழில் என்பது குரலிலேயே தெரிந்தது. வரலாறு முழுவதும் சொல்லத் தொடங்கினேன். நடுவில் நிறுத்தினார்.

"கதை வேணாம் சார். எனக்கு ஒரு நம்பர் குடுங்க."

இருபத்தொன்பது என்றேன். அவருக்கு அதுவே வசதியாம். நூறு வருடக் கம்பி, துருவேறியது. உலகச் சுருதி வரைக்கும் இழுத்தால் எத்தனை அறுந்துபோகும் என்று உத்தரவாதம் தர மாட்டார். கொஞ்சம் மட்டும் ஏற்றுவது பியானோவுக்கும் நல்லது. ஆனால் தான் செய்ததைப் பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது, குழுவின் கையெழுத்து வேண்டும் என்றார்.

ஆக, நான் பேசித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 14

வில்மாவிடம் ஒத்திகை. இரண்டு நிமிடம் என்று வைத்தது பதினாலு நிமிடம் போனது. "முதல் பன்னெண்டையும் வெட்டு" என்றாள்.

இன்று ஆல்பத்தை அளவுகோல் இல்லாமல் கேட்டேன். ஐந்தாவது பாட்டில் பேஸ் கிதார் அரை நொடி பின்தங்கி வருகிறது. எல்லாரும் வாசலில் நின்றபின் கடைசியாக வருகிறவன்போல. அவன் வந்து சேர்ந்ததும்தான் பாட்டு நகர்கிறது.

செப்டம்பர் 18

நாளை கூட்டம். இரவுச் சிப்பிச் சூப் ஆறும் வரை பேச்சைப் படித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 19

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம் தொடங்கியதும், போன மாத மினிட்ஸில் திருத்தம் உண்டா என்று பாஸ்டர் மார்னி வழக்கம்போலக் கேட்டார். எப்போதும் நான் தண்ணீர் குடிக்கும் நேரம் அது. இன்று எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லலாம், ஆனாலும் நின்றேன். ஐந்தாம் தீர்மானம் ஏகமனதானது அல்ல, ஆறு பேர் ஆதரவு, செயலர் வாக்களிக்கவில்லை என்றேன்.

"என்ன புரொஃபசர், உன் கையெழுத்துல நீயே தப்பு கண்டுபிடிக்கிறியா?" என்றார் வேர்ன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததால் பேச முடிந்தது.

அட்டை எழுதியது நான், அது பொய்யானது என் கவனக்குறைவு என்பதை முதலில் சொன்னேன். பிறகு எல்லாரையும் கீழே வரச் சொன்னேன். ஒன்பதாவது பாட்டின் கடைசியைப் போட்டேன். ஏழு பேரும் கோட்டுப் போட்டபடி நின்று பதினோரு அடியையும் கேட்டோம். அது அடங்கியதும் அதே கட்டையை நான் அடித்தேன்.

இரண்டும் ஒன்றுதானே என்றார் ஒருவர். வேர்ன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி அடிக்கச் சொன்னார். முப்பது வருடம் மரவாடியில் ரம்பம் தீட்டியவர். தகட்டைத் தட்டிக் கேட்டே எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவர். இதை நான் எப்படி மறந்தேன்?

"இறங்கிக் கிடக்கு" என்றார். "தகடா இருந்தா ரெண்டு சுத்தியல் அடி வாங்கும். புரொஃபசர் சொல்றது சரி."

டிரம்பெட் மேலே ஆர்கனோடு வாசிக்கட்டும், பிள்ளைகள் கீழே இறங்கிய சுருதியில் பாடினால் தொண்டைக்கு இதம் என்று பாஸ்டர் மார்னி சொன்னார். கம்பிகள் பற்றி லூயெல்லா சொன்னதை நான் சொன்னேன். ஆல்பத்தின் சுருதிக்கே சேர்ப்பது என்று வாக்கெடுப்பு.

வேர்ன் எதிராகக் கை தூக்கினார். நான் சொன்னது சரியென்றாலும் தன் தீர்மானத்துக்கு எதிராகத் தானே கை தூக்க முடியாதாம். இன்னும் இருவர் அவரோடு. மூன்று. ஆதரவு நான்கு.

நான்காவது கை என்னுடையது. முதலில் தூக்கினேன். பிறகு எழுதினேன்.

செப்டம்பர் 21

அக்டோபரில் வருகிற எல்லாருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதி டெனிஸுக்கு அனுப்பினேன். என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது, யாருடைய தவறு. அனுப்புவதும் விடுவதும் அவர் விருப்பம் என்று குறிப்பிட்டேன். பதில் இல்லை.

செப்டம்பர் 27

லூயெல்லா எட்டு மணிக்கு வந்தார். உயரமானவர், ஒரு காதில் பஞ்சு. அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு கம்பி அறுந்தது. மாற்றினார். மூன்று மணிக்கு வேலை முடிந்து, பதிவோடு ஒத்துப்பார்க்கக் கடைசிப் பாட்டைப் போடச் சொன்னார். கை கட்டி நின்று கேட்டார். பதினோராவது அடி ஓயும் வரை அசையவில்லை.

"இவனுக்குப் பியானோ தெரியல" என்றார். "ஆனா எவ்வளவு நேரம் விடணும்னு தெரிஞ்சிருக்கு. அத யாரும் சொல்லிக் குடுக்க முடியாது."

பிறகு கட்டையை அடித்தார். ஒத்திருந்தது. நான் மூன்று முறை சரிபார்த்தேன். அவர் கோபிக்கவில்லை.

அக்டோபர் 3

டெனிஸிடமிருந்து ஒன்றுமில்லை. வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை நாற்பது நாற்காலி போடுவேன்.

அக்டோபர் 8

பத்தொன்பது பேர் வந்தார்கள். மழை காரணமில்லை.

டெனிஸ் வந்திருந்தார். என் கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார், தன் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்காமல். முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் முன்னால் போய் நின்று கடிதத்தில் எழுதியதையே வாயால் சொன்னேன். ஸ்போக்கேனிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டி வந்த ரோட்னி பெல்ச்சர் என்பவர் எழுந்தார். பன்னிரண்டு வருடமாக வருகிறவர், கிதாரைப் போர்வையில் சுற்றுகிறவர்.

"அவங்க கை பட்ட கம்பி அது. இப்ப ஒலிம்பியாக்காரம்மா கை பட்டது. எனக்கு வேணாம்."

கிதார்ப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார். இன்னும் மூன்று பேர் பின்னால் போனார்கள். அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது.

மிச்சப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். யாரும் பியானோ பக்கம் வரவில்லை. பிறகு டெனிஸ் எழுந்து வந்து, கட்டையை அடித்து, தன் கிதார்க் கம்பியைத் திருகத் தொடங்கினார். நேரம் எடுத்துக்கொண்டார். முடிந்ததும் வழக்கப்படி பெட்டியில் வைத்து மூடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"காபி அப்புறம் போடலாம். உக்காருங்க எல்டன்."

உட்கார்ந்தேன். இரண்டாம் வரிசை, ஓரம். முழுவதும் கேட்டேன். அந்த அறையில் கேட்பது வேறு. மூன்றாவது பாட்டில் அந்த மூச்சு வந்தபோது பதினாறு பேரும் மூச்சை இழுத்தோம்.

ஐந்தாவது பாட்டில் டெனிஸ் மெதுவாக, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், கூடவே வாசித்தார். இந்தக் கூடத்தில் யாரும் செய்யாதது. யாரும் தடுக்கவில்லை. எது ஆல்பம், எது அவர் என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

அக்டோபர் 10

நாற்காலிகளை அடுக்கினேன். பியானோ அருகே ஈரப்பதமானி ஒன்று மாட்டினேன். லூயெல்லாவை ஆண்டுதோறும் செப்டம்பரில் வரவழைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் நானே முன்மொழிவேன்.

அக்டோபர் 13

காலை ஈரப்பதமானியைப் பார்க்கப் போயிருந்தேன். கீழ்க்கூடத்துச் சமையலறையில் சுவர்த் தொலைபேசி அடித்தது. ரோட்னி பெல்ச்சர். வீட்டு எண்ணில் வில்மா இங்கே கேட்கச் சொன்னாளாம்.

சனிக்கிழமை பற்றி ஒன்றும் பேசவில்லை. அங்கே நல்ல வெயில் என்றார். இங்கே இல்லை என்றேன். பிறகு கேட்டார், அந்தக் கட்டையைத் தொலைபேசியில் அடித்துக் காட்ட முடியுமா என்று. எண்ணைச் சொல்கிறேன், கருவி வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"நம்பர் வேணாங்க. அடிங்க, கேக்குறேன்."

தொலைபேசியின் சுருள் கம்பியை இழுத்தால் பியானோ மூலை வரை வருகிறது. காதுக்குழாயைப் பியானோ மேல் வைத்துவிட்டு அடித்தேன். முழுதாக அடங்க விட்டு மறுபடி அடித்தேன். மறுமுனையில் கம்பி திருகுவது கேட்டது. ஒன்று சேர்ந்ததும் "அடுத்தது" என்பார், அந்தக் கம்பிக்குரிய கட்டைக்கு மாறுவேன். ஆறு கம்பிக்கும் இருபது நிமிடம் ஆனது.

பிறகு அங்கே முதல் பாட்டு தொடங்கியது. தொலைபேசியை வைக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கிதாரும் சேர்ந்துகொண்டது. நான் பியானோ முக்காலியில் உட்கார்ந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒன்பது பாட்டும் வாசித்தார். நடுவில் இரண்டு இடத்தில் கை தவறியது, சுருதி தவறவில்லை.

கடைசி அடி ஓய்ந்தது. அங்கே மூக்கைச் சிந்துவது கேட்டது.

"இன்னும் இருக்கீங்களா?" என்றார்.

இருக்கிறேன் என்றேன்.